வந்து முடிந்த தடம்

கொன்ஸ்ரன்ரைன் ஆறு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பியபோது கொண்டு வந்த சாமான்களில் இரண்டை ஊர் மறக்கவேயில்லை. ஒன்று, ஆளைவிட உயரமான, முனை மேலே வளைந்த இரண்டு பலகைகள். மற்றது, சுவரில் படம் விழுத்துகிற பெட்டி. பலகைகளை அவனுடைய தாய் ஒரு நாள் முழுக்கத் தடவிப் பார்த்தாள். மறுநாள் முற்றத்தில் இரண்டு கல்லின் மேல் வைத்து அவற்றில் கருவாடு காயப் போட்டாள். அது பனியில் சறுக்கிப் போகிற பலகை என்று அவன் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லிப் பார்த்தான். "இஞ்ச எங்க மோனை பனி?" என்று கேட்டுவிட்டு அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். அந்த மனுசி கேட்டதில் பிழை ஒன்றுமில்லை.

பலகையால் யாருக்கும் ஒரு கெடுதியும் வரவில்லை. பெட்டிதான் குடியைக் கெடுத்தது. குடியைக் கெடுத்ததா, காப்பாற்றியதா என்று இன்றைக்கும் அந்த ஊரில் இரண்டு கட்சி உண்டு. கெடுத்தது என்கிற கட்சியில்தான் ஆட்கள் அதிகம்.

முல்லைத்தீவுக்கு வடக்கே, முன்னால் கடலும் பின்னால் காடுமாகக் கிடக்கிற கிராமம் அது. எல்லாரும் கத்தோலிக்க வேதக்காரர். கடல் விட்டால் கடலுக்கும் களப்புக்கும் போவார்கள். கடல் கொந்தளித்தால் துவக்கையும் நாயையும் எடுத்துக்கொண்டு விசுவமடுப் பக்கக் காட்டுக்குள் இறங்குவார்கள். காட்டில் அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. தடம் பார்க்கிறவன் முன்னால் போவான். அவன் சொல்தான் சொல். கரடி போய்க் கனநேரம் என்று அவன் சொன்னால் பின்னால் வருகிறவன் நம்பிக் காலை வைப்பான். அதனால் தடத்தில் பொய் சொன்னவனுக்கு, அது பகிடிக்குச் சொன்னதாக இருந்தாலும், இறைச்சியில் பங்கு கிடையாது. அடுத்த முறை காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவும் மாட்டார்கள். கோயிலில் பொய் சொன்னவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர். தடத்தில் பொய் சொன்னவன் ஒருத்தன்கூட இல்லை.

தடம் பார்ப்பதில் அங்கே இரண்டு பேர் பெரிய கை. ஒருவர் செபமாலை. மற்றவர் இராயப்பு. இராயப்புவின் பெண்சாதி பிள்ளைப்பேற்றோடு செத்துப் போனதால், கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் அவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டே காட்டுக்குப் போனார். அந்த மகள் ஞானமலர் எழுத்துப் படித்ததும் தடம் படித்ததும் ஒரே வயதில். குளத்து அலைகரைச் சேற்றில் குந்தியிருந்து, இது மரை, இது பன்றி, இந்தப் பன்றிக்குப் பின்னால் குட்டி வந்திருக்கு என்று அவள் சொல்ல, தகப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலையாட்டுவார். பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு என்று ஊர் கேட்டது. அவர் கணக்கெடுக்கவில்லை.

அந்த ஞானமலருக்குத்தான் கொன்ஸ்ரன்ரைனைப் பேசி வைத்திருந்தார்கள். பேச்சு முடிந்த கையோடு அவன் கப்பலில் வேலை கிடைத்துப் போனான். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்றான். கப்பல் நோர்வேயில் ஏதோ ஒரு வடக்குத் துறைமுகத்தில் நிற்கும்போது காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடத்தினார்களாம். எழும்பி வந்து பார்க்கக் கப்பலைக் காணவில்லையாம். பிறகு எல்லை தாண்டிச் சுவீடனில், ஒரு பெரிய காவல் காட்டின் விளிம்பில், மலையேற வருகிறவர்கள் தங்கும் விடுதியில் குசினி வேலை. இரண்டு வருடம் ஆறு வருடமாகியது. ஞானமலருக்குப் பின்னால் பிறந்தவர்கள் எல்லாம் பிள்ளையும் கையுமாகக் கோயிலுக்கு வந்தார்கள். வேறு இடத்தில் கேட்டு வந்த மூன்று நல்ல சம்பந்தங்களை அவள் தட்டிவிட்டாள். சொன்ன சொல்லுக்கு நிற்க வேண்டும் என்பது அவள் நினைப்பு. முட்டாள்தனம்தான், ஆனால் அந்த மாதிரி முட்டாள்தனம் உள்ளவர்களால்தான் உலகம் இந்தளவாவது நடக்கிறது.

அறுபத்திரண்டாம் ஆண்டு பெரிய வெள்ளிக்குப் பிறகு அவன் வந்து இறங்கினான். வந்ததும் நேரே இராயப்பு வீட்டுக்கு வந்து, "மாமா, நான் சொன்ன சொல் மாறேல்லை" என்றான். கோயிலில் கலியாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இவர்களுக்குள் ஏதாவது விக்கினம் இருப்பது தெரிந்தவர்கள் சுவாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். இரண்டு ஓலை ஆகிவிட்டது. இதற்கிடையில் கொன்ஸ்ரன்ரைன் ஊர்ப் பொடியன்களைக் கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்றும் வாக்குக் கொடுத்திருந்தான். முதல் ஆளாகச் செபமாலையின் மகன் பாலன். அதிலிருந்து செபமாலை அவனைக் கண்டால் வாயிலிருக்கிற சுருட்டை மரியாதைக்குக் கையில் எடுத்துவிடுவார். ஊரே அவனைத் தலையில் வைத்துக் கூத்தாடியது.

மூன்றாம் ஓலைக்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், கோயில் பள்ளிக்கூடத்தில் படம் காட்டினான். யன்னல்களைப் பாய்ச் சீலையால் மறைத்து, சுவாமியாரின் கட்டில் விரிப்பைச் சுவரில் கட்டி, திருநாளுக்குப் பிடிக்கிற ஜெனரேற்றரையும் கொண்டு வந்து வைத்தாயிற்று. எள் விழ இடமில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கலியாணப் பெண் என்று ஞானமலரைப் பெண்கள் முன்னால் பிடித்துத் தள்ளி இருத்தினார்கள்.

முதலில் மலை. பிறகு உறைந்து கிடக்கிற ஏரி. பிறகு வெள்ளைப் பட்டை மரங்கள். பிறகு, கொம்பு பெருத்த மான் கூட்டம் ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில். ஆண்கள் பக்கத்தில் ஒரு மூச்சு எழும்பியது.

"உதில எத்தினை விழுத்தினனீ?" என்று செபமாலை கேட்டார்.

"சுடக் கூடாது மாமா. அது நஷனல் பார்க். ஒரு பச்சைக் கொப்பும் முறிக்கக் கூடாது."

"அப்ப என்னத்துக்கு அதுக்குள்ள போறது?"

"சும்மா நடக்கத்தான். வெயில் காலத்தில முதுகில மூட்டையைக் கட்டிக்கொண்டு நாள் கணக்கா நடப்பினம். பனிக் காலத்தில இந்தப் பலகையில சறுக்கிப் போவினம்."

"வேலை வெட்டி இல்லாததுகளோ?"

"பெரிய பெரிய உத்தியோகக்காரர் மாமா."

பள்ளிக்கூடம் குலுங்கிச் சிரித்தது. கொன்ஸ்ரன்ரைனும் சிரித்தான். அவனுக்குக் கதை சொல்லத் தெரியும், அதை மறுக்க முடியாது. கோடையில் நடுச்சாமத்திலும் சூரியன் நிற்பதையும், பனிக் காலத்தில் வாரக் கணக்காகச் சூரியனே எழும்பாததையும் சொன்னான். நடுக் காட்டில் பூட்டில்லாத குடில்கள் இருக்கும், தங்கிப் போகிறவன் அடுத்தவனுக்கு விறகு கொத்தி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொன்னான். அதைக் கேட்டு இராயப்பு, நல்ல சாதிச் சனம் என்று மெச்சினார். ஞானமலருக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. இந்த மனிதன் எத்தனை பெரிய வெளியில் தனியே நின்று, தன்னை நினைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

அடுத்த படத்தில் அவனே நின்றான். காலில் பலகை, இரண்டு கையிலும் ஊன்றுகோல், சுற்றிலும் ஒரே வெள்ளை.

"தனியத்தான் திரிவன்," என்றான்.

"அப்ப ஆர் படம் பிடிச்சது?" என்று பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி கேட்டாள்.

"கமராவில ஒரு விசை இருக்கு ஆச்சி. அமத்திப்போட்டு ஓடிப்போய் நிக்கலாம்."

ஊர் மூக்கில் விரலை வைத்தது. ஞானமலரும் நம்பினாள். நம்பிக்கொண்டே, பழக்க தோசத்தில், நிலத்தைப் பார்த்தாள்.

வெள்ளை நிலத்தில் தடம் எவ்வளவு சுத்தமாக விழுகிறது! அலைகரைச் சேறு பிச்சை வாங்க வேண்டும். அவன் காலடியிலிருந்து பின்னால் இரண்டு கோடுகள் போயின. பக்கத்தில் இன்னும் இரண்டு கோடுகள். போன வழியால் திரும்பி வந்திருப்பான் என்று நினைத்தாள். ஆனால் ஊன்றுகோல் குத்தி இழுத்த குழிகளின் வால் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தன. இரண்டு சோடியும் ஒரே திசையில் வந்தவை. ஒரு சோடியின் குழிகள் எட்ட எட்ட இருந்தன. மற்றச் சோடியின் குழிகள் கிட்டக் கிட்ட இருந்தன. மற்றது கட்டையான ஆள், பாரம் குறைந்த ஆள். அவள் தன்னைத் திட்டிக்கொண்டாள். கலியாணம் கட்டப் போகிறவனைப் பன்றி மாதிரித் தடம் பார்க்கிறேனே என்று வெட்கப்பட்டாள்.

அடுத்த படத்தில் அந்தக் கோடுகளுக்கு நடுவே, ஓலைப் பெட்டியை மணலில் இழுத்தது போல ஒரு அகன்ற தடம் இருந்தது. எதையோ வைத்து இழுத்திருக்கிறார்கள்.

கடைசிப் படம் வந்தது. கொன்ஸ்ரன்ரைன் பலகையோடு நின்று சிரிக்கிறான். அப்படி ஒரு சிரிப்பை அவன் வந்த நாளிலிருந்து அவள் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் முதலில் பார்த்தாள். பிறகுதான் நிலத்தைப் பார்த்தாள். படம் பிடித்த பக்கத்திலிருந்து சின்னச் சப்பாத்துத் தடங்கள் தத்தித் தத்தி, ஒரு இடத்தில் விழுந்து கையூன்றி எழும்பி, அவன் காலடிக்கு வந்து முடிந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. வந்த பிள்ளை பறந்து போகாது; தூக்கியிருக்க வேண்டும். மற்றச் சோடிக் கோடு அவனுக்குக் கிட்ட வந்து, வளைந்து, படம் பிடித்த பக்கமாகத் திரும்பியிருந்தது. பாரம் குறைந்த அந்த ஆள் திரும்பும்போது மட்டும் பலகை ஆழமாகப் பதிந்திருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் பிடித்தது அந்த ஆள்தான்.

மற்றவர்களின் முகம் தெரிகிற படங்களை எல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிட்டு வந்திருக்கிறான். நிலத்தை மறந்துவிட்டான். கடற்கரைப் பொடியன், காட்டுக்குப் போகிற வயதில் கப்பலுக்குப் போனவன். வேட்டைக்காரர் கூடியிருக்கிற மண்டபத்தில் தடத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஞானமலர் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். செபமாலை சுருட்டைத் தேடினார். தகப்பன் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அப்படித்தான். அத்தனை பெரிய படத்தை ஒரு ஆணும் பார்க்கவில்லை. அவர்களும் தடத்தைக் கண்டுவிட்டார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

படம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்.

"அப்பா, அந்தக் கடைசிப் படத்தைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"தடத்தைப் பாத்தனீங்களோ?"

"நான் என்ன குருடனோ?"

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"பிள்ளை, பனியில விழுந்த தடம். வெயில் எறிச்சால் கரைஞ்சு போயிடும். ஆம்பிளை, ஆறு வருசம் தனிய இருந்தவன். விட்டிட்டு வந்திட்டானெல்லோ. உனக்கும் வயசு போகுது. நான் கண்ணை மூடினால் உனக்கு ஆர்?"

"அந்தப் பிள்ளைக்கு ஆர்?"

"அது வேற நாட்டுப் பிள்ளை," என்றார் இராயப்பு. சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாகப் படவில்லை போலும். வேகமாக நடக்கத் தொடங்கினார்.

அன்றிரவு அவள் யோசிக்காத யோசனை இல்லை. விடுதிக்கு வந்தவர்களின் பிள்ளையாக இருக்கலாம். கூட்டாளி ஒருவனின் குடும்பமாக இருக்கலாம். அவனுக்காக அவளே நூறு சாட்டுக்களைச் செய்து கொடுத்தாள். அவன் வாயால் ஒன்றைச் சொல்லட்டும், நம்பிவிடுகிறேன் என்று முடிவெடுத்தாள். ஆறு வருடத்தை ஒரு சனிக்கிழமையில் தூக்கி எறிய அவளுக்கும் மனம் வரவில்லை.

காலையில் முதல் மணி அடிக்கும்போதே சுவாமியாரின் அறைவீட்டு வாசலில் நின்றாள். பெட்டியும், அதில் போடுகிற சின்னக் கண்ணாடிப் படங்களும் இரவு அங்கேதான் வைக்கப்பட்டிருந்தன. சுவாமியார் வயதான மனிதர், நல்லவர், பயந்தவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பிள்ளை, விக்கினம் எண்டால் சாட்சி வேணும். உன்ர சந்தேகத்தை வைச்சு நான் ஓலையை நிப்பாட்டேலாது."

"சாட்சி படத்தில கிடக்கு சுவாமி. அப்பாவையும் செபமாலை அண்ணையையும் கூப்பிட்டுக் கேளுங்கோ. அவையள் தடத்தில பொய் சொல்லாயினம்."

மணி அடிக்கிறவனை அனுப்பி, கொன்ஸ்ரன்ரைனையும் சேர்த்து மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். கொன்ஸ்ரன்ரைன் கலியாணத்துக்குத் தைத்த வெள்ளைக் காற்சட்டையோடு வந்தான். மேசையில் படத்தைக் கண்டதும் அவன் முகம் செத்துப் போனது. சுவாமியார் தன் பூதக்கண்ணாடியை எடுத்துச் செபமாலையிடம் நீட்டினார். "யன்னலில பிடிச்சுப் பார் செபமாலை. இந்தச் சின்னத் தடம் என்ன?"

செபமாலை பார்த்தார். ஒரு முறை போதும் அவருக்கு. இரண்டாம் முறையும் பார்த்தார், பாலனுடைய கப்பலைத் தேடியிருப்பார். "நாய் சுவாமி," என்றார். "நாய்த் தடம்."

சப்பாத்துப் போட்ட நாய்! இரண்டு காலில் நடந்த நாய்! சுவாமியார் கண்ணாடியை வாங்கி இராயப்புவிடம் கொடுத்தார். ஞானமலர் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடமாக முன்னால் நடந்த மனிதர். அவர் சொல்லை நம்பி அந்த ஊரில் பாதிப் பேர் கரடிக் காட்டுக்குள் கால் வைத்திருக்கிறார்கள். அவர் கண்ணாடியைப் படத்துக்குக் கிட்டக் கொண்டுபோகவேயில்லை. பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் அவள் அவரை ஒரு நாளும் மன்னித்திருக்க மாட்டாள்.

"நாய்தான்," என்றார் இராயப்பு. கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

சுவாமியாருக்குப் பெரிய நிம்மதி. "கேட்டியே பிள்ளை? ரெண்டு பேரும் ஒரு சொல்லா..."

"இன்னும் ஒராளைக் கேக்கேல்லை சுவாமி," என்றாள். படத்தை எடுத்துக் கொன்ஸ்ரன்ரைனின் கையில் கொடுத்தாள். "நீங்கள் சொல்லுங்கோ. அங்க நிண்டவர் நீங்கள்தானே. இது என்ன தடம்?"

அவன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தான். அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டை அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருந்தது என்று சுவாமியாருக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. அவன் கண் நிரம்பி வந்தது. பெருவிரல் தடம் முடிகிற இடத்தை மெல்லத் தடவியது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு அவன்மேல் கோபம்கூட இல்லை. கூட வந்தவர்களின் பிள்ளை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். இல்லை, என்ர பிள்ளைதான் என்று சொல்லியிருக்கலாம். அழுதுகொண்டாவது அவனோடு இருந்து பேசியிருப்பாள். ஆனால் பெரியவர்கள் இரண்டு பேர் சமைத்து வைத்த பொய் சூடாக முன்னால் இருந்தது. சோம்பேறி அதையே எடுத்தான்.

"ஓம்," என்றான். "நாய்."

கோயிலில் சனம் செபம் சொல்லத் தொடங்கிவிட்டிருந்தது. அந்த முணுமுணுப்பு அறைக்குள் வந்தது.

"சுவாமி, என்ர பேரை வாசியாதேங்கோ," என்றாள் ஞானமலர். அவள் குரல் உயரவில்லை. "அவருக்கு அங்க ஆர் இருக்கினம் எண்டதை நான் இனிக் கேக்கேல்லை. அது விக்கினமோ இல்லையோ, நீங்கள் பாருங்கோ. தான் பெத்ததை நாய் எண்டு சொன்ன மனிசன், நான் பெறுகிறதை என்னெண்டு சொல்லுவார்?"

கொன்ஸ்ரன்ரைன் படத்தை மேசையில் திருப்பி வைத்தான்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அவளுக்குக் காட்டுப் பேய் பிடித்துவிட்டது, நாய்த் தடத்தைப் பிள்ளைத் தடம் என்கிறாள் என்று ஊர் கதை கட்டியது. அந்த வருடமே கொன்ஸ்ரன்ரைன் நீர்கொழும்பில் ஒரு இடத்தில் கலியாணம் முடித்தான். பாலன் கப்பல் ஏறவில்லை. அதற்கும் பழி அவள் தலையில் விழுந்தது. இராயப்பு அதற்குப் பிறகும் காட்டுக்குப் போனார், ஆனால் ஆட்களுக்குப் பின்னால்தான் நடந்தார். தகப்பனும் மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவள் சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார்.

அவள் அழவேயில்லை என்று ஊர் சொன்னது. ஊருக்கு என்ன தெரியும்? அன்று அறைவீட்டிலிருந்து இறங்கி வந்தவள் கடற்கரையில் வள்ளங்களுக்குப் பின்னால் குந்தியிருந்து வயிறு நோக அழுதாள். போன ஆறு வருடத்துக்காக அழவில்லை, அவனுக்காக அழவில்லை. எங்கோ ஒரு பனிக்காட்டில், விழுந்து எழும்பி, கையை நீட்டிக்கொண்டு தகப்பனிடம் ஓடி வந்த ஒரு பிள்ளை. அதற்காக அவனோடு வழக்குப் பேசப் போனவள், அது பெண்ணோ ஆணோ என்று கேட்கவில்லை. அதன் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டாள்.